நானூற்றுப் பன்னிரண்டில் யாரும் தங்கவில்லை

கார்மேகத்துக்கும் நாகவள்ளிக்கும் ஆவணி இருபத்தேழாம் தேதி கல்யாணம் என்று பெரியவர்கள் நிச்சயித்துப் பத்திரிகையும் அடித்துவிட்டார்கள். பரமக்குடியில் மண்டபம் பிடித்தாயிற்று. சமையலுக்கு ஆள் சொல்லியாயிற்று. மாப்பிள்ளை வந்து சேர வேண்டியதுதான் பாக்கி. அது துபாயில், தேராப் பகுதியில் இருந்த ஒரு நகர ஹோட்டலின் கையில் இருந்தது. இன்னும் திருத்தமாகச் சொன்னால், அந்த ஹோட்டலின் ஒவ்வோர் அறையிலும் மேசைமீது வைக்கப்பட்டிருந்த, உள்ளங்கை அகலமே உள்ள ஓர் அட்டையின் கையில் இருந்தது.

ஹோட்டலின் முதலாளி அயர்லாந்துக்காரர். கார்க் நகரத்தில் அவருக்கு ஏற்கெனவே ஒரு ஹோட்டல் உண்டு. அங்கே என்னென்ன உண்டோ அவையெல்லாம் இங்கேயும் இருக்க வேண்டும் என்பது அவருடைய பிடிவாதம். அங்கே பச்சைக் கம்பளம் என்றால் இங்கேயும் பச்சைக் கம்பளம். அங்கே போர்வைக்கு மேல் இன்னொரு கம்பளிப் போர்வை என்றால், வெளியே நாற்பத்தைந்து டிகிரி கொளுத்துகிற ஆகஸ்டு மாதத்திலும் இங்கே ஒவ்வொரு கட்டிலின் கால்மாட்டிலும் ஒரு கம்பளிப் போர்வை மடித்து வைக்கப்பட்டிருக்கும். அந்த வழியில் வந்து சேர்ந்ததுதான் 'உங்கள் அனுபவம்' என்ற தலைப்புள்ள அட்டையும். விருந்தினர் தமக்குத் தெரிந்த மொழியில் எழுதலாம் என்று அதில் அச்சிட்டிருந்தது. அடியில், 'உங்கள் அறையைப் பேணுபவர்' என்பதற்கு நேரே, பணியாளரின் பெயரை மையால் எழுதி வைக்க வேண்டும். நான்காம் மாடியின் பதினான்கு அறைகளிலும் அந்த இடத்தில் கார்மேகம் என்ற பெயர் இருந்தது.

சூப்பர்வைசர் அம்மையப்பன் திருச்செந்தூர்ப் பக்கத்துக்காரர். அந்த அட்டைக்கும் விடுப்புக்கும் அவர்தான் முடிச்சுப் போட்டவர்.

"லீவுக்குப் போற மாசத்துல ஒரு கம்ப்ளெய்ன்ட் கார்டு வந்துச்சின்னு வையி, ஒம் பேரு அடுத்த லிஸ்ட்டுக்குப் போயிரும்ல. அடுத்த லிஸ்ட்டு டிசம்பர்லதான்."

"டிசம்பர்ல மார்கழி வந்துருமேண்ணே."

"அப்பம் தையில தாலி கட்டு. நானா வேண்டாங்கேன்?"

இதை ஃபோனில் கேட்ட நாகவள்ளி சிறிதும் பதறவில்லை. "வர முடியாட்டிப் போங்க. உங்க போட்டோவப் பெருசா ஒண்ணு எடுத்து அனுப்புங்க. மணையில பக்கத்துல சாத்தி வச்சுட்டு நானே கட்டிக்கிறேன்" என்றாள். கார்மேகம் சிரித்தான். அப்படிச் செய்யக்கூடியவள்தான் என்பது ஃபோனை வைத்த பிறகுதான் உறைத்தது.

கார்க்கிலிருந்து வரும் விருந்தினர்களால் அவனுக்கு ஒருபோதும் ஆபத்து வந்ததில்லை. அவர்கள் அட்டையைக் கண்டால் கடிதம் எழுதக் கிடைத்த தாள்போல இரண்டு பக்கமும் நிரப்புவார்கள்; ஆனால் குறை சொல்ல மாட்டார்கள். ஒரு கிழவர், 'குறை ஏதாவது தென்படுமா என்று மூன்று நாள் முயன்றேன், தோற்றுப்போனேன்' என்று எழுதி வைத்துப் போனார். இன்னொரு அம்மாள், 'எல்லாம் நன்று, வெயிலைத் தவிர. அதற்கு நான்காம் மாடியின் பையன் பொறுப்பல்ல' என்று எழுதினாள். அம்மையப்பன் இவற்றை வாசித்துச் சொல்லும்போதெல்லாம், அயர்லாந்து என்பது தன்னைப்போன்ற பயந்த மனிதர்களுக்காகவே கடலில் மிதக்கவிடப்பட்ட நாடு என்று கார்மேகத்துக்குத் தோன்றும்.

ஆகஸ்டு கடைசி வாரத்துத் திங்கட்கிழமை, அந்த நாட்டு மருத்துவமனை ஒன்றிலிருந்து சிலர் வந்து இறங்கினார்கள். வளைகுடா நாடுகளில் வேலை பார்க்கும் நர்ஸ்களில் சிலரைத் தேர்ந்தெடுத்து அழைத்துப் போக வந்தவர்கள். அவர்களுக்குத் தலைவி, அந்த மருத்துவமனையின் மேட்ரன் மிஸ் கீனன். அறுபது வயதுக்கு இவ்வளவு நேராக ஒருவரால் நிற்க முடியுமா என்று வியக்கும்படி நிற்பவள். குவைத்திலிருந்தும் மஸ்கட்டிலிருந்தும் நேர்காணலுக்கு வந்த ஏழு நர்ஸ்களும் அதே ஹோட்டலில் மூன்று இரவு தங்குவதாக ஏற்பாடு. நான்காம் மாடியில் ஒருவர்தான்: அறை எண் நானூற்றுப் பன்னிரண்டு, பெயர் ஜெபகனி ஞானசிங், குவைத், அப்பாசியா.

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு, தள்ளுவண்டியை நிறுத்திக் கதவை மூன்று முறை தட்டிவிட்டு, கார்மேகம் உள்ளே நுழைந்தான். நுழைந்தவன், தவறான அறைக்குள் வந்துவிட்டோமோ என்று வெளியே போய்க் கதவிலிருந்த எண்ணைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தான்.

படுக்கை விரித்தது விரித்தபடி இருந்தது. விரிப்பில் ஒரு சுருக்கம் இல்லை. தலையணையில் தலை பட்ட பள்ளம் இல்லை. குளியலறைத் தரை ஈரமில்லாமல் உலர்ந்திருந்தது. சோப்பு உறை பிரியவில்லை. நான்கு துண்டுகளும் அவன் மடித்து வைத்த மடிப்புக் குலையாமல் இருந்தன. குப்பைக்கூடை காலி. தேநீர்க் கோப்பை கவிழ்த்தபடியே கிடந்தது. பூட்டிய பெட்டி ஒன்று அலமாரிக்குள் நின்றிராவிட்டால், அந்த அறைக்கு ஆள் வந்ததற்கே அடையாளம் இராது.

பிறகுதான் மேசைமீதிருந்த அட்டையைப் பார்த்தான். இரண்டு பக்கமும் நிரம்பியிருந்தது. எழுத்து தமிழில், அச்சுக் கோத்ததுபோல் இருந்தது. ஒன்று, இரண்டு என்று எண்ணிட்டுப் பதினொரு வரிகள்.

'1. அலமாரியின் மேற்பரப்பில் தூசி. விரலால் கோடு போட்டிருக்கிறேன், காண்க. 2. திரைச்சீலையில் மூன்று கொக்கிகள் இல்லை. 3. சுவரில் உள்ள கப்பல் படம் இடப்பக்கம் சாய்ந்துள்ளது. 4. குளியலறைக் குழாய் ஒழுகுகிறது. நிமிடத்துக்கு இருபத்திரண்டு சொட்டு.'

கார்மேகம் அதற்கு மேல் வாசிக்காமல் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான். பணியாளர்கள் விருந்தினரின் நாற்காலியில் உட்காரக் கூடாது. ஆனால் ஒரே அட்டையில் பதினொரு குறைகளை வாங்கியவன் எங்கேயாவது உட்கார்ந்துதானே ஆக வேண்டும். சொட்டை எண்ணுகிற மனிதப்பிறவி எப்படி இருக்கும் என்று எண்ணிப் பார்த்தான். குளுக்கோஸ் பாட்டிலைக் கண்கொட்டாமல் பார்த்துக் கொண்டிருக்கும் ஒரு முகம் மனத்தில் எழுந்தது.

அட்டையை மடித்துச் சட்டைப்பையில் வைத்தான். கிழித்துப் போடத் துணிவு வரவில்லை. அதோடு, வேலை செய்யப் பட்டியல் தேவைப்பட்டது. ஒரு மணி நேரம் அந்த அறையிலேயே கிடந்து அலமாரியைத் துடைத்தான், கொக்கி மாட்டினான், படத்தை நிமிர்த்தினான், பிளம்பரைக் கெஞ்சி அழைத்து வந்து குழாய்க்கு வாஷர் போடச் செய்தான். பதினொன்றில் இரண்டை மட்டும் அவனால் முடிக்க முடியவில்லை. ஒன்று, சன்னல் கண்ணாடியின் வெளிப்புறக் கறை. மற்றொன்று, கம்பளத்தின் பச்சை நிறம் 'கண்ணுக்கு ஒவ்வாதது' என்பது.

அடுத்ததாக அன்றாடத் தாளை நிரப்ப வேண்டும். ஒவ்வோர் அறைக்கும் ஒரு குறியீடு உண்டு. பதிவேட்டில் ஆள் இருந்தும் படுக்கையில் யாரும் படுக்காமல் இருந்தால் 'ஸ்லீப் அவுட்' என்று எழுத வேண்டும். வெளியே எங்கோ போய்த் தங்கிவிட்டார் என்று பொருள். அப்படி எழுதினால், சலவைக்கு விரிப்புப் போக வேண்டியதில்லை. அட்டை எங்கே என்றும் யாரும் கேட்க மாட்டார்கள். தங்காத விருந்தினருக்கு அனுபவம் ஏது?

கார்மேகம் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு சிறிது நேரம் தன்னோடு வாதாடினான். விரிப்பு கலையவில்லை, அது உண்மை. துண்டு நனையவில்லை, அதுவும் உண்மை. பெட்டி இருக்கிறதே என்றால், பெட்டி தங்கியிருக்கிறது, அவ்வளவுதான். சட்டைப்பையில் கனத்த அட்டையை மட்டும் அந்தக் கணக்கில் அவன் சேர்க்கவில்லை. 'ஸ்லீப் அவுட்' என்று எழுதிக் கையெழுத்திட்டான்.

புதன்கிழமையும் படுக்கை அப்படியே இருந்தது. மேசைமேல் புதிய அட்டை. 'நேற்றைய பதினொன்றில் ஒன்பது சரிசெய்யப்பட்டுள்ளன. குழாய் நின்றது. புதியவை நான்கு.' நான்காவது, 'கப்பல் படம் இப்போது வலப்பக்கம் சாய்ந்துள்ளது' என்பது. கார்மேகம் அதையும் பையில் வைத்தான், படத்தை நிமிர்த்தினான், தாளில் மறுபடியும் 'ஸ்லீப் அவுட்' என்று எழுதினான். ஊருக்குப் போக இன்னும் எட்டே நாள்.

வியாழக்கிழமை பதினொரு மணிக்கு, கார்மேகம் இன்னும் நானூற்றுப் பன்னிரண்டைத் திறக்காதபோதே, அம்மையப்பன் நான்காம் மாடிக்கு மூச்சிரைக்க ஓடி வந்தார்.

"ஏல, நானூத்திப் பன்னண்டுல அந்தப் பொம்பள ரெண்டு நாளும் தங்கலன்னு நீதான எழுதுன?"

"ஆமாண்ணே."

"வா. மேட்ரன் கூப்பிடுது. போன வருசம் இவங்க இன்டர்வியூக்குக் கூட்டியாந்த நாலு பேரு, ரூமைப் பூட்டிட்டு ஷார்ஜாவுல சொந்தக்காரங்க வீட்டுல போய்க் குந்திக்கிட்டு, வேற ஆஸ்பத்திரிக்கு வேலை தேடிருக்காங்க. அதனால இந்த வருசம் ரூமுல தங்காத ஆளுக்கு இன்டர்வியூவே கெடையாதுன்னு சொல்லிட்டுது. நம்ம ஆபீஸ்ல குடுத்த தாளப் பாத்துட்டு, இந்தப் பொம்பள பேர அடிச்சிட்டுது."

கார்மேகம் தள்ளுவண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு அவர் பின்னால் நடந்தான். தான் எழுதியது அட்டையை மறைக்கத்தான். அது ஒருவருடைய பெயரை அடிக்கும் என்று அவன் எதிர்பார்க்கவில்லை.

நானூற்றுப் பன்னிரண்டின் நடுவில் மிஸ் கீனன் ஒரு தாளைப் பிடித்தபடி நின்றாள். அவளுக்கு எதிரே, அதே நேர்க்கோட்டில், அதே விறைப்போடு ஜெபகனி நின்றாள். நாற்பத்தைந்து வயது இருக்கும், இஸ்திரி மடிப்புக் கலையாத பருத்திச் சேலை, கையில் கைக்குட்டை. இரண்டு பேரையும் சேர்த்துப் பார்த்தபோது, கண்ணாடியை நடுவில் வைத்தது போலிருந்தது.

ஜெபகனி தமிழர்களைக் கண்டதும் அவர்கள் பக்கம் திரும்பினாள். "துபாயில எனக்கு ஒரு காக்கா குருவியக்கூடத் தெரியாது. நான் எங்க போய்ப் படுப்பேன்? இந்தக் கட்டில்லதான் படுத்தேன். எந்திரிச்சதும் நானே விரிச்சேன். பதினாறு வருசமா வார்டுல முப்பது கட்டில் விரிக்கேன், எனக்க கட்டில விரிக்க இன்னொருத்தர் வரணுமா?"

"துண்டுகூட நனையலியே சிஸ்டர்" என்றார் அம்மையப்பன், மரியாதை குறையாமல்.

"யாரு யாரு துடச்ச துண்டோ. எனக்க துண்டு எனக்க பெட்டியில இருக்கு. விரிப்பும் கொண்டு வந்தேன்; மெத்தைக்கு மேல அத விரிச்சுப் படுத்துட்டு, காலைல மடிச்சு வச்சேன். வேணும்னா தெறந்து பாரும்."

அம்மையப்பன் இதை ஆங்கிலத்தில் சொன்னார். பெட்டிக்குள் துண்டு இருப்பது அது பெட்டிக்குள் இருக்கிறது என்பதைத்தான் காட்டும் என்று மிஸ் கீனன் சொன்னாள். அது கார்மேகம் தனக்குள் செய்துகொண்ட அதே வாதம். இப்போது அது அவனுக்குச் சிறிதும் பிடிக்கவில்லை.

"சரி, அது கெடக்கட்டும்" என்றாள் ஜெபகனி. "ரெண்டு நாளும் கார்டு எழுதி மேசையில வச்சேனே. தங்காத ஆளா கார்டு எழுதுவா? வேலை செய்யுத பிள்ளைக்குப் புரியட்டும்னு தமிழ்லதான் எழுதுனேன். அதக் காட்டச் சொல்லும்."

அம்மையப்பன் மெதுவாகத் திரும்பினார். "கார்டு இருந்துச்சால?"

இல்லை என்று ஒரு சொல் சொன்னால் போதும். அம்மையப்பன் நம்புவார், மேட்ரன் தாளை மடிப்பாள், ஏழு நாளில் விமானம். அவன் வாயைத் திறந்தும்விட்டான். ஆனால் ஜெபகனி அவனைப் பார்க்கவில்லை. அவள் அவனுக்குப் பின்னால் இருந்த கப்பல் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வேலை போகிற நேரத்திலும் படம் நேராகிவிட்டதா என்று பார்க்கிற ஒருத்தியிடம் எப்படிப் பொய் சொல்வது என்று அவனுக்குத் தெரியவில்லை.

சட்டைப்பையிலிருந்து இரண்டு அட்டைகளையும் எடுத்து நீட்டினான். "இருந்துச்சுண்ணே. நாந்தான் எடுத்து வச்சுக்கிட்டேன். சிஸ்டர் இங்கதான் தங்குனாங்க. தெரிஞ்சுதான் மாத்தி எழுதுனேன்."

"எதுக்குல?"

"கல்யாணம்ணே."

அம்மையப்பனுக்கு மேற்கொண்டு விளக்கம் தேவைப்படவில்லை. மிஸ் கீனனுக்குத் தேவைப்பட்டது. அம்மையப்பன் அட்டைகளை வரி வரியாக மொழிபெயர்த்தார். பிறகு அட்டைக்கும் லீவுக்கும் கல்யாணத்துக்கும் உள்ள உறவை, முகம் சிவக்கச் சிவக்க, விளக்கினார். மிஸ் கீனன் குளியலறைக்குப் போய்க் குழாயடியில் ஒரு நிமிடம் கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றாள். திரும்பி வந்து, ஸ்டூல் கேட்டு வாங்கி ஏறி, அலமாரியின் மேல் விரலால் தடவிப் பார்த்தாள். இறங்கியதும் கைத்தாளில் அடித்த பெயரை மறுபடியும் எழுதினாள்.

"நேர்காணல் இரண்டு மணிக்கு என்று இருந்தது. இப்போதே வைத்துக்கொள்வோம், ஒரே ஒரு கேள்விதான்" என்றாள். "உங்கள் வார்டில் ஒரு பணியாளன். உங்கள் குறிப்பை மறைத்தான். பொய்ப் பதிவு எழுதினான். ஆனால் குறிப்பில் இருந்தவற்றில் தன்னால் முடிந்த எல்லாவற்றையும் சரிசெய்தான். தனக்குக் கேடு வரும் என்று தெரிந்தும் கடைசியில் உண்மையைச் சொன்னான். அவனை என்ன செய்வீர்கள்?"

அம்மையப்பன் கேள்வியைத் தமிழில் கார்மேகத்தின் காதில் போட்டுவிட்டு, "ஒங் கத கிழிஞ்சிதுல" என்று சேர்த்துக்கொண்டார்.

ஜெபகனி கார்மேகத்தை முதல்முறையாக முழுக்கப் பார்த்தாள்.

"கடைசியா ஊருக்கு எப்பம் போன?"

"வந்ததுலருந்து போகல சிஸ்டர். மூணு வருசம் ஆச்சு."

"ஒரு நாளைக்கு எத்தன ரூமு?"

"பதினாலு."

அவள் மிஸ் கீனன் பக்கம் திரும்பி, நிறுத்தி நிறுத்தி ஆங்கிலத்தில் பேசினாள். அம்மையப்பன் தாழ்ந்த குரலில் தமிழாக்கிக்கொண்டே வந்தார். போகப் போக அவருடைய குரல் இன்னும் தாழ்ந்தது.

பொய்ப் பதிவை அவனே, அவன் கையாலேயே, அடித்துத் திருத்திப் பக்கத்தில் கையெழுத்திட வேண்டும். குறிப்பை மறைத்ததற்குத் தண்டனை உண்டு. அலமாரிமேல் ஓர் அறையில் தூசி இருந்தால் பதினான்கிலும் இருக்கும். இன்றைக்குள் பதினான்கையும் துடைக்க வேண்டும். அவள் வந்து பார்ப்பாள். லீவு வேறு விஷயம். லீவு என்பது நல்ல பிள்ளைக்குக் கொடுக்கிற மிட்டாய் அல்ல. மூன்று வருடம் ஓய்வில்லாத கை, கண்ணுக்கு எட்டுகிற உயரம்வரைதான் துடைக்கும். வார்டிலும் அவள் இதைப் பார்த்திருக்கிறாள். அட்டைக்கும் லீவுக்கும் முடிச்சுப் போட்டால் தூசி குறையாது, அட்டைதான் குறையும். அவள் வார்டாக இருந்தால் முதலில் அவனை ஊருக்கு அனுப்புவாள்; பிறகு அந்த முடிச்சைப் போட்டவரைக் கூப்பிட்டுப் பேசுவாள்.

கடைசி வாக்கியத்தை அம்மையப்பன் மொழிபெயர்க்கவில்லை. சட்டைக் காலரை மட்டும் தளர்த்திக்கொண்டார்.

மிஸ் கீனன் ஏதோ எழுதினாள். பிறகு, கார்க் ஹோட்டலின் முதலாளி தனக்குச் சிறுவயது முதல் பழக்கம் என்றும், ஊர் திரும்பியதும் அவரைச் சந்திப்பதாக இருக்கிறது என்றும், யாரிடமும் குறிப்பாகச் சொல்லாதவள்போல் சொன்னாள்.

"லீவெல்லாம் லிஸ்ட்டுலதான் இருக்கு மேடம்" என்றார் அம்மையப்பன் அவசரமாக. "நான் எங்க அடிச்சேன்? ஏல கார்மேகம், நான் அடிச்சேனா?"

"இன்னும் அடிக்கலண்ணே."

மிஸ் கீனன் ஜெபகனியிடம் கைகொடுத்தாள். "ஜனவரியில் வந்துவிட முடியுமா?" என்று கேட்டாள். குவைத்தில் ஒப்பந்தம் டிசம்பர் முப்பத்தொன்றில் முடிகிறது, ஜனவரி இரண்டாம் தேதி வரலாம் என்றாள் ஜெபகனி. ஒன்றாம் தேதி ஏன் முடியாது என்று மிஸ் கீனன் கேட்கவில்லை. இரண்டு பேரில் ஒருவரும் சிரிக்கவில்லை. ஆனாலும் இருவருக்கும் அது மிகுந்த திருப்தியைத் தந்தது என்று பார்த்தவர்களுக்குத் தெரிந்தது.

அன்று மாலை நான்கு மணிக்குள் பதினான்கு அலமாரிகளையும் துடைத்துவிட்டு, கார்மேகம் தாழ்வாரத்தில் ஸ்டூலோடு காத்து நின்றான். ஜெபகனி வெள்ளைக் கைக்குட்டையோடு வந்தாள். ஆள் இல்லாத அறைகளாகத் தேர்ந்து, அவன் திறக்கத் திறக்க, ஏறி ஏறிப் பார்த்தாள்.

"பொண்ணு பேரு என்ன?"

"நாகவள்ளிங்க சிஸ்டர்."

"கார்டு விசயத்த அவகிட்டச் சொல்லுவியா?"

"கட்டாயம் சொல்லணுமா?"

"நீ சொல்லாட்டி அவளே கண்டுபிடிப்பா. கண்டுபிடிச்சா லிஸ்ட்டு போடுவா." கைக்குட்டையை விரித்து விளக்கொளியில் பிடித்துப் பார்த்தாள். "சொல்லிரு. அதுதான் ஒனக்கு நல்லது."

எட்டு அறைகள் தேறின. ஒன்பதாவது அறையில், அலமாரியின் பின்மூலைக்குள் கையை விட்டு எடுத்தபோது, கைக்குட்டையின் நுனியில் சாம்பல் நிறத்தில் ஒரு கோடு இருந்தது. அவள் அதை அவனிடம் காட்டினாள்; ஸ்டூலிலிருந்து இறங்கி ஒதுங்கி நின்றாள்.

கார்மேகம் துணியை நனைத்துப் பிழிந்தான். விசில் அடிக்க வேண்டும் போலிருந்தது. அவள் நிற்கிறாளே என்று அடக்கிக்கொண்டு, மறுபடியும் ஏறினான்.